மலைநாட்டுச் சைக்கிளுக்குப் பல்லை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நானுஓயாவில் இருக்கிறோம். ஏப்ரலில் காலை வேளைகளில் நானும் தரம் 10 படிக்கும் மகளும் தோட்டத்துப் பாதைகளில் ஆறுதலாகச் சைக்கிள் ஓட்ட ஆசை. வேகம், போட்டி எதுவும் வேண்டாம். கடையில் 21 கியரும் முன்னால் ஷாக்கும் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) உள்ள புது மவுண்டன் பைக் ஒன்றைக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சைக்கிள், கூடையோடு, விலை குறைவாக இருக்கிறது. ஆனால் பில் தர மாட்டார்களாம். எதை வாங்கலாம்?
– வாசகி, நானுஓயா

பதில்: ஷாக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவு விலைச் சைக்கிளில் வரும் ஷாக் பாரம் அதிகம். ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது அமுங்கி அமுங்கியே விழுங்கிவிடும். ஆறுதலாக ஓட்டுபவருக்குக் கொஞ்சம் அகலமான டயரும், அதில் அளவாகக் காற்றும் இருந்தால் கல் ரோட்டுக்குப் போதும்.

'21 கியர்' என்பதும் வெறும் எண்ணிக்கைதான். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் சைக்கிளுக்குப் பல்லை எண்ணியே ஆக வேண்டும். பெடலோடு சுற்றும் பற்சக்கரங்களில் ஆகச் சிறியதையும், பின் சக்கரத்தில் ஆகப் பெரியதையும் எண்ணுங்கள். பின்னால் உள்ளது சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். முன்னால் 24, பின்னால் 28 என்றால் நல்லது. முன்னால் 42, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுப் போக வேண்டும்; ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள். உங்கள் ஸ்டேஷன் சுமார் 1,620 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா டவுன் 1,868. எட்டுக் கிலோமீற்றருக்குள் இவ்வளவு ஏறுவதற்கு இந்த ஆக இலகுவான கியர்தான் கைகொடுக்கும், மற்ற இருபதும் சும்மா.

இறக்கம்தான் பெரிய விஷயம். அந்த ஜப்பான் சைக்கிளின் பின் சக்கர அச்சருகே வட்டமாகத் தகரச் சிமிழ் மாதிரி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் இருக்கும் பிரேக் சமதரைக்குச் செய்தது. நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கத்தும், அப்புறம் பிடிக்காது. கூடை அழகுதான், மார்க்கெட்டுக்கும் உதவும். ஆனால் மகளை அதில் இறக்கத்தில் விட நான் சம்மதிக்க மாட்டேன். ரிம்மை இறுக்கும் ரப்பர் பிரேக் பரவாயில்லை, ஆனால் மழையில் பிடி குறையும். கையில் காசு இருந்தால் டிஸ்க் பிரேக் எடுங்கள். எந்தப் பிரேக்கானாலும் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து இறங்குவதே நல்லது. உங்கள் பக்கத்து ரதல்ல குறுக்கு ரோட்டில் மட்டும் இறங்கவே வேண்டாம். அங்கே பஸ்களே பிரேக் இல்லாமல் போயிருக்கின்றன.

ஆக, பற்கணக்கு சரியாக வந்தால் புதியதை எடுங்கள். கண்டியில் இருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ டிரெயில் நடப்பவர்களுக்காக அமைந்தது என்றாலும், அதில் நிறையப் பகுதி பழைய தோட்டத்து ரோடுதான், சைக்கிளும் போகும். தோட்டத்துக்குள் நுழையுமுன் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொழுந்து லொறி வரும் நேரத்தில் வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போங்கள். ஏப்ரலில் பின்னேரம் இடி மழை வழக்கம் என்பதால் விடியவே கிளம்பி மதியத்துக்குள் திரும்புவது நல்லது. விடிகாலையில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் வெளியே வரும். நம் மலைநாட்டுக்கே உரிய பறவை அது. மோட்டார் சைக்கிளில் போனால் கண்ணில் படாது.

சீசன் கூட்டம் இருக்கும்போது கிரகரி வாவிப் பக்கம் வாடகைக்கு எடுத்துப் பழகலாம் என்று நினைத்தால் விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பில் விஷயம்: பாவித்த பொருளோ புதியதோ, வியாபாரி விற்றால் கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரேமில் பொறித்திருக்கும் இலக்கத்தையும் அதில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் தந்துவிட்டுப் பிறகு கையை விரித்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், 1977க்கு அழைத்தும் கேட்கலாம். பில் தர மறுக்கிறவரிடம் பேரம் பேசி நேரத்தை வீணாக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.