கிரானோலா விற்க மூன்று பவுன் செயினை அடகு வைக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மகனுக்காகச் செய்த கிரானோலாவை (ஓவனில் வறுத்த ஓட்ஸ் கலவை) இப்போது அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு கிலோ ஓட்ஸ், பாதாம், பூசணி விதை, தேன், தேங்காய் எண்ணெய், திராட்சை எல்லாம் சேர்த்தால் 1.8 கிலோ, பொருள் செலவு 650 ரூபாய். 250 கிராம் பாக்கெட் 150 ரூபாய் என்று 7 பாக்கெட் விற்றால் 400 ரூபாய் நிற்கும். வீட்டில் சின்ன ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்) தான் இருக்கிறது. செயினை அடகு வைத்து 60,000 ரூபாய்க்குப் பெரிய ஓவன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், செயின் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது.

நீங்கள் சொல்லும் 1.8 கிலோ ஓவனுக்குப் போகும் முன் உள்ள எடை. ஈரம் வற்றி வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு குறைந்து 1.6 கிலோ அளவுக்குத்தான் நிற்கும், அதில் 6 பாக்கெட் போக மிச்சம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் போய்விடும். ஆக வரவு 900. பவுச்சும் லேபிளும் பாக்கெட்டுக்கு 12 ரூபாய் என்றால் 72. 1,500 வாட் ஓடிஜி 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட், நீங்கள் மூன்று முறை வைக்க வேண்டியிருக்கும், அதற்கு 20 ரூபாய் வையுங்கள். மொத்தச் செலவு 742, கையில் நிற்பது 158. அதுவும் மூன்று மணி நேரம் நின்று செய்த உங்கள் கூலியைச் சேர்க்காமல்!

இப்போது கடனைப் பாருங்கள். வங்கியில் 10 சதவீதத்துக்கு நகைக்கடன் கிடைத்தாலே மாத வட்டி 500 ரூபாய், தெருமுனை அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் 1,200. இன்றைய விலையில் எட்டு முறை கிரானோலா செய்தால்தான் அந்த வட்டியே தேறும், அசல் அப்படியே நிற்கும்.

அதனால் முதலில் பாக்கெட் விலையை 200 ஆக்குங்கள். அதே 6 பாக்கெட்டில் 458 ரூபாய் நிற்கும். விலை கேட்டு இரண்டு பேர் விலகினாலும் பரவாயில்லை. பொருளை சவுகார்பேட்டை பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மொத்தமாக வாங்கினால் செலவும் இறங்கும், ஆனால் மலிவு என்று மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துவிடாதீர்கள், பருப்பும் விதையும் காறல் அடிக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம் மொறுமொறுப்பு. இதையும் பண விஷயமாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் கடல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம், அப்பளமே அரை மணியில் நமுத்துப் போகும். திருப்பித் தரப்படும் ஒரு பாக்கெட் மூன்று பாக்கெட்டின் லாபத்தைத் தின்றுவிடும். 150 டிகிரியில் பொன்னிறம் வரும் வரை வறுபட்டதும் தட்டிலேயே கரண்டியால் அழுத்திவிட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் ஆற விடுங்கள். ஓவனில் இருந்து எடுக்கும்போது அது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் கட்டியாகி மொறுமொறுவென்று உடையும். அவசரப்பட்டுச் சூட்டோடு கட்டினால் பவுச்சின் உள்பக்கம் பனித்துளி போல முத்து முத்தாக நீர் கோக்கும், அந்தப் பாக்கெட் போச்சு. திராட்சையை ஓவனில் வைக்காமல் ஆறிய பிறகு கலந்துவிடுங்கள், அது உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பவுச்சைக் கட்டித் தனியாக வைத்து இரண்டு வாரம் கழித்துக் கடித்துப் பாருங்கள். அது தாங்கினால் லேபிளில் தேதி போட உங்களுக்கே ஒரு அளவு தெரியும்.

வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். பாதாம் இருப்பதையும் தெளிவாகப் போடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.

மூன்று மாதம் இந்த ஓடிஜியிலேயே செய்யுங்கள், வரும் பணத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆர்டர் வந்தும் ஓவன் போதாமல் திருப்பி அனுப்பும் நாட்களை ஒரு நோட்டில் குறியுங்கள். வாரத்தில் நான்கு நாள் அப்படி ஆனால், சேர்ந்த பணத்தோடு சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். அந்த நோட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள்.