அம்மாவின் இனிப்பு நீருக்கு மாதம் 260 ரிங்கிட்: கிளினிக்கை மாற்றலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 57 வயது. இனிப்பு நீருக்குத் தனியார் கிளினிக்கில் மாதம் 260 ரிங்கிட் ஆகிறது. காத்திருக்கத் தேவையில்லை, டாக்டர் உட்கார வைத்துப் பேசுகிறார். அம்மாவுக்கு முழுத் திருப்தி. அரசாங்க கிளினிக்குக்கு மாற்றினால் கவனிப்பு குறையுமா?

பதில்: அம்மா கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு காத்திருக்காமல் போய்வரவும் பொறுமையான பேச்சுக்கும் போகிறது. அது அற்பமானதல்ல, டாக்டர் காது கொடுத்துக் கேட்டால் நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார். ஆனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான். சிகிச்சைத் திருப்தியை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் டிடிஎஸ்கியூ வினாத்தாளில் 8 கேள்விகள் உண்டு. சிகிச்சை வசதியாக இருக்கிறதா, சர்க்கரை அடிக்கடி ஏறுகிறதா, இறங்குகிறதா, இதையே தொடர விருப்பமா என்று அது கேட்கிறது. காத்திருந்த நேரத்தைக் கேட்பதில்லை. செலவையும் கேட்பதில்லை, அதை வீட்டில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏனென்றால், கை இறுக்கமான மாதத்தில் முதலில் விடுபடுவது மருந்து. இரண்டு வேளை மாத்திரை ஒரு வேளையாகும், வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்குவது நிற்கும். பிள்ளைகளுக்குப் பாரமாகிறோமோ என்று அம்மா இதை டாக்டரிடம் சொல்ல மாட்டார். டாக்டரோ சர்க்கரை ஏறியதைப் பார்த்து இன்னொரு மருந்து சேர்ப்பார். பில் கூடும், விடுபடுவதும் கூடும். போன மாத மருந்தில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

கடந்த 12 மாதத்தில் கண் விழித்திரைப் படம், பாதப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரக ரத்தப் பரிசோதனை நடந்ததா என்றும் பாருங்கள். சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். இவை நடந்திருந்து, 260 ரிங்கிட்டும் சுமையில்லை என்றால் மாற்ற அவசியமில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும். மருந்துச் சீட்டு எழுதி வாங்கி, மருந்தகத்தில் விலை ஒப்பிட்டு வாங்கலாம்.

சுமைதான் என்றால் மாற்றுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். தனியார் டாக்டரிடம் கடிதம் கேளுங்கள்: கடைசி எச்பிஏ1சி, சிறுநீரக முடிவு, கண் பார்த்த தேதி, மருந்துகளின் மூலப்பெயரும் மில்லிகிராமும் அதில் இருக்கட்டும். புதிய, விலை கூடிய மருந்துகள் சில அங்கே உடனே கிடைக்காமலோ குடும்ப மருத்துவ நிபுணரின் ஒப்புதல் தேவைப்பட்டோ இருக்கலாம். ஆகவே கையில் ஒரு மாத மருந்து இருக்கும்போதே மாறுங்கள். ரத்தம் எடுக்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க வேறொரு நாள் என்று இரண்டு நடை ஆகக்கூடும். யார் அழைத்துப் போவது என்று முன்பே பேசி வையுங்கள். டாக்டர் மாறிக்கொண்டிருந்தாலும் தொடர்ச்சி அறாமலிருக்க, அந்தக் கடிதத்தையும் முடிவுகளையும் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் காட்டுங்கள்.

மாறும் சமயத்தில் உண்மையான ஆபத்து இரட்டை மருந்து. பழைய பெட்டியில் டயமைக்ரான், புதிய பொட்டலத்தில் கிளிக்லசைட்; இரண்டும் ஒரே மருந்து. பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்கி, சர்க்கரை இறங்கி மயங்கி விழுபவர்கள் உண்டு. இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையைப் பிரித்து இரண்டாகத் தரும்போதும் இதே குழப்பம் வரும். பழைய மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்து தரும் இடத்தில் காட்டி, எதை நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பழகிய டாக்டரைக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அம்மா தொடர்ந்து பார்க்கட்டும். சர்க்கரை மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். மாறி 3 மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள். முன்பிருந்ததைவிட ஏறியிருந்தால் அடுத்த தவணைவரை காத்திராமல் போய்க் கேளுங்கள்.