பள்ளத்தில் விடும் சாக்கடை: நகராட்சி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: பவானி ஆற்றில் போய்ச் சேரும் ஒரு பள்ளத்தின் கரையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. மேலே உள்ள நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் கறுப்பாகத் தண்ணீர் வருகிறது. கிணற்றில் நுரை மிதக்கிறது. எருமை தொட்டியில் வாய் வைப்பதில்லை. இரண்டு வருடமாக மனுக் கொடுக்கிறேன். “மோட்டார் பழுது, நிதி வரவில்லை. பள்ளம் பாதி வருடம் காய்ந்துதான் கிடக்கிறது, அது ஆறே இல்லை” என்கிறார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் சோதித்து வைத்திருக்கிறேன். வழக்குப் போடலாமா ஐயா?
— ஒரு விவசாயி, ஈரோடு மாவட்டம்

பதில்: போடலாம். ஆனால் அந்த பாட்டிலை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

பள்ளம் ஆறில்லை என்ற வாதம் நிற்காது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நீரோட்டத்துக்குத் தரும் விளக்கத்தில் ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றோடு, தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியும் அடங்கும். அதில் கழிவைக் கலப்பதைப் பிரிவு 24 தடுக்கிறது. கிணற்றையும் அதே பிரிவு காக்கிறது. நிதி இல்லை என்ற பாட்டு இன்னும் பழையது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி அதைத்தான் உச்ச நீதிமன்றத்தில் பாடியது; 1980இலேயே நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

சிக்கல் சாட்சியத்தில்தான். அந்தச் சட்டத்தின்படி மாதிரி எடுக்க ஒரு முறை இருக்கிறது. மாசு கட்டுப்பாடு வாரிய அதிகாரி நிலையத்தாருக்கு நோட்டீஸ் தந்து, அவர்கள் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் பாட்டிலுக்கு இது எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் தூக்கி எறியாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது. உங்கள் அறிக்கையை முதல் ஆதாரமாக வைத்து, பல துறை அதிகாரிகள் சேர்ந்த கூட்டுக்குழு வந்து ஆய்வு செய்யத் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம்.

குழு பகலில்தான் வரும். அன்று நிலையம் பளபளவென்று ஓடும். ஆகவே அதற்கு முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கடந்த இரண்டு ஆண்டுக்கான மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: நிலையத்தை இயக்க வாரியம் தந்த இசைவாணை, நிலையத்தின் கழிவுநீர் வரத்துப் பதிவேடு, மாதாந்திர மின் கட்டண ரசீது. கடைசியாகச் சொன்னதுதான் என் கண்ணில் தங்கம். கழிவில் காற்றை ஊதும் இயந்திரம் ராப்பகலாக ஓட வேண்டும். மின்சாரத்தைக் குடிப்பதே அதுதான். பதிவேட்டில் தினமும் முழு அளவு சுத்திகரித்ததாக எழுதிவிட்டு, ரசீதில் யூனிட் பாதியாகக் குறைந்திருந்தால், நகராட்சியின் காகிதமே நகராட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

எங்கே போடுவது? முன்சீப் கோர்ட்டுக்கு அலையாதீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடியதை சிவில் நீதிமன்றம் விசாரிக்க, அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்; கேட்டால் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். கிணறும் மஞ்சள் பயிரும் போன ஆத்திரத்தில் கோடிக்கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு கட்டணத்துக்குத் தவிக்கிறவர்கள் உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘இரண்டு வருடமாக’ என்ற சொல். அந்த 2010 சட்டத்தின் பிரிவு 14இல் மனுப் போட, வழக்குக் காரணம் (வழக்குப் போட இடம் தரும் சம்பவம்) முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தினமும் கழிவு வருவதால் தினமும் புதிய வழக்குக் காரணம் பிறக்கிறது என்று வாதிடலாம்தான். ஆனால் ‘முதன்முதலில்’ என்ற சொல் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒற்றைக் கயிற்றில் நான் தொங்க மாட்டேன். இழப்பீட்டுக்கும் கெட்ட நிலத்தையும் நீரையும் சீராக்குவதற்கும் உள்ள பிரிவு 15க்கு ஐந்து ஆண்டுக் கெடு. மனுவை அதன் மேல் கட்டுங்கள்.

நகராட்சிக்கு நீங்கள் முதலில் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டைத் தேடி எடுங்கள். கெடுவின் எண்ணிக்கை அந்தத் தேதியில் தொடங்குகிறதா, அதற்கும் முன்பா என்று பார்த்த பிறகுதான் மனுவில் முதல் வரி எழுத முடியும்.