ஸ்டெப்ஃபோர்ட் மனைவியர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2004இல் வெளிவந்த ‘தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்’ படத்தை அண்மையில் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன், மறுநாள் மனதில் எதுவும் தங்கவில்லை. இதே கதையை 1975இல் எடுத்த படமோ பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. மறுஆக்கம் எந்த இடத்தில் சறுக்கியது?

பதில்: கணவனைக் காட்டிய விதத்தில்தான் சறுக்கியது. படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஸ்டெப்ஃபோர்ட் என்று ஒரு கற்பனை ஊர். நியூயார்க்கிலிருந்து கணவன் வால்டரோடும் பிள்ளைகளோடும் அங்கே குடியேறும் ஜோயன்னா, அவ்வூர் மனைவியர் அனைவரும் வீட்டைத் துடைப்பதிலும் கணவனை மகிழ்விப்பதிலுமே நிறைவு காண்பதைக் கண்டு முதலில் வியக்கிறாள், பிறகு அஞ்சுகிறாள். ஊர் ஆண்கள் தங்கள் சங்கத்தில் கூடி, மனைவியரைக் கொன்றுவிட்டு அவர்களைப் போலவே தோற்றமளிக்கும் இயந்திரங்களை வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது இறுதியில் அவளுக்குத் தெரியவருகிறது.

இந்தக் கதையை அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவின் 1972இல் நாவலாக எழுதினார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அவர் எழுதிய ‘ரோஸ்மேரிஸ் பேபி’யிலும், நடிப்புத் தொழிலில் தான் முன்னேற வேண்டும் என்பதற்காக மனைவியின் கருப்பையையே விலைபேசும் ஒரு கணவன் வருகிறான். லெவினின் பயம் பேயைப் பற்றியதும் அன்று, இயந்திரத்தைப் பற்றியதும் அன்று. பக்கத்தில் படுத்திருப்பவனைப் பற்றியது. பிரையன் ஃபோர்ப்ஸ் இயக்கிய 1975 படம் இதை உணர்ந்திருந்தது. அதன் இறுதியில் ஜோயன்னா சங்கத் தலைவனிடம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கும்போது, எங்களால் முடியும், அதனால் செய்கிறோம் என்ற பொருளில் அவன் அமைதியாக விடை சொல்கிறான். கோபமோ பழிவாங்கும் வெறியோ இல்லாத அந்த விடையைக் கேட்டதும் எனக்கு உடல் சில்லிட்டது.

பிராங்க் ஓஸ் இயக்கிய மறுஆக்கத்தில், மேத்யூ பிராடரிக் நடித்த வால்டர் கடைசி நேரத்தில் மனம் மாறி மனைவியைக் காப்பாற்றுகிறான். எல்லாவற்றுக்கும் சூத்திரதாரி, தன் கணவனின் துரோகத்தைக் கண்டு அவனைக் கொன்றுவிட்டு அவனிடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்ட ஒரு பெண்தான் என்று தெரியவருகிறது. க்ளென் க்ளோஸ் அந்தப் பாத்திரத்தை உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழி முழுவதையும் காயம்பட்ட ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியவுடன், மனைவியை மாற்றித் தரச் சம்மதித்த அத்தனை ஆண்களும் வழிதவறிய அப்பாவிகளாகிவிடுகிறார்கள். இறுதியில் அவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு அல்லாடுவதைக் காட்டிச் சிரிக்கச் செய்கிறார்கள். ஆனால் 1975 படத்தின் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு வருவது ஜோயன்னாவின் உருவம் மட்டுமே. ஜோயன்னா அங்கே இல்லை. இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை எத்தனை நகைச்சுவை வசனங்களாலும் நிரப்ப முடியாது என்பது என் கருத்து.

கேள்வி: மறுஆக்கத்தில் அந்தப் பெண்கள் இயந்திரங்களா, மூளையில் சில்லு பொருத்தப்பட்ட மனிதர்களா? எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

பதில்: உங்களுடைய குழப்பத்துக்குப் படமே பொறுப்பு. ஒரு காட்சியில் கணவன் மனைவியின் வாயில் வங்கி அட்டையைச் செருக, டாலர் நோட்டுகள் வெளியே வருகின்றன; வேறொரு காட்சியில் அடுப்புச் சுடரின் மேல் இருக்கும் கை சூட்டை உணர்வதில்லை. ஆனால் முடிவில் சில்லுகளின் கட்டளை அழிந்ததும் அனைவரும் பழைய மனிதர்களாகவே விழித்தெழுகிறார்கள். உயிருள்ள உடலாக இருந்தால் பணம் எங்கிருந்து வந்தது?

இதைத் தருக்கப் பிழை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. மனைவியர் இறந்துபோனார்கள் என்றால் இது கொலைக் கதை. மீண்டு வர முடியும் என்றால் விளையாட்டு. அந்தத் தீர்மானத்தை எடுக்கத் துணியாததால்தான் படம் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. 1975 படத்தில், வயிற்றில் கத்தி பாய்ந்தும் இரத்தம் சிந்தாத, ஜோயன்னாவின் தோழி பாபி, காப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் நழுவவிட்டபடி, நாம் தோழிகள் என்றல்லவா நினைத்தேன் என்று ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். தன் உயிர்த்தோழி இனி இல்லை என்பதை ஜோயன்னா அந்தச் சமையலறையில் நின்றபடியே புரிந்துகொள்கிறாள்.

கேள்வி: இது பெண்களின் பிரச்சினை மட்டுமா? புறநகர் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல் நியூயார்க் அருகே எழத் தொடங்கிய லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகளில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. கறுப்பின மக்களுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. பகலில் கணவர்கள் நகரத்துக்கு வேலைக்குச் சென்றுவிட, அந்த வீடுகளில் தனித்திருந்த படித்த பெண்களின் பெயரிடப்படாத சோர்வைப் பற்றித்தான் அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் 1963இல் எழுதினார். லெவினின் கதை அந்தச் சோர்வுக்கு ஊர் ஆண்கள் கண்டுபிடித்த கொடூரமான மருந்து. வீடுகளும் புல்வெளிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று விரும்பியவர்கள், அந்த விருப்பத்தை வீட்டுக்குள்ளிருக்கும் மனிதர் வரை நீட்டித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் மறுஆக்கத்தில் பாராட்ட ஒன்றுமே இல்லையா?

பதில்: இரண்டு உண்டு. ஒன்று, புதிதாகச் சேர்த்த ஓரினத் தம்பதியர். கேலியும் வண்ண உடையுமாகத் திரிந்த ரோஜர், ஒரே இரவில் கோட்டு அணிந்த மாநில செனட் வேட்பாளராகி மேடையில் நிற்பதைப் பார்க்கும்போது, எல்லாரும் ஒன்றுபோல் ஆகவேண்டும் என்னும் வற்புறுத்தல் மனைவியரோடு நிற்பதில்லை என்பது விளங்கிவிடுகிறது. இயக்குநர் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் படமே வேறாகியிருக்கும்.

மற்றொன்று, பெயர்கள் ஓடும் தொடக்கப் பகுதி. பழைய வீட்டுச் சாதன விளம்பரங்களின் துண்டுகளையே அங்கே கோத்திருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து அதன் முன் பரவசத்தோடு சுழலும் அந்தப் பெண்களை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கற்பனை செய்யவில்லை. உண்மையாகவே ஒருவர் அவர்களை அப்படிச் சுழலச் சொல்லிப் படம்பிடித்திருக்கிறார்.