வெயில் போன பிறகு வாங்கும் போர்ட்டபிள் ஏசி: பெட்டியோடு எடுத்து வைக்காதீர்கள்

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. கோடை முடிந்துவிட்டதால் 14,000 பிடியு (BTU, குளிர்விக்கும் திறனின் அளவு) போர்ட்டபிள் ஏசி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதே மாடலில் பெட்டி பிரித்த ஒன்று இன்னும் மலிவாக இருக்கிறது. படுக்கையறை 150 சதுர அடி. இப்போதே வாங்கி அடுத்த கோடைக்கு எடுத்து வைக்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் வாங்கிய கையோடு மூலையில் எடுத்து வைத்துவிடாதீர்கள். ஏசி பழுது பார்க்கும் வேலையில் ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் எனக்கு வரும் அழைப்புகளில் இந்தக் கதை தவறாமல் இருக்கும். போன வருடம் தள்ளுபடியில் வாங்கியிருப்பார்கள். ஏழெட்டு மாதம் பெட்டியைத் தொடாமல் வைத்திருந்து, முதல் வெக்கை நாளில் பிரித்து ஓட்டுவார்கள். காற்று வரும், குளிர் வராது. திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். வாரண்டியும் பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே ஓடுவதால் அதிலும் பெரும்பகுதி கரைந்திருக்கும். கோடையில் வாங்குகிறவர் அன்று மாலையே குறையைக் கண்டுபிடித்துவிடுவார். குளிர்ந்த மாதத்தில் வாங்கும் உங்களுக்கு அந்த வாய்ப்பு தானாக அமைவதில்லை. அதை நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி: இந்த மாடல் ஏன் விற்காமல் மிஞ்சியது? சில சமயம் கடைக்காரர் அளவுக்கு மீறி ஸ்டாக் எடுத்திருப்பார், அல்லது கோடை கடுமையாக இருந்திருக்காது. அது உங்களுக்கு நல்லது. ஆனால் பருவ இறுதியில் தேங்கிக் கிடப்பவற்றில் ஒற்றைக் குழாய் மாடல்களே அதிகம் என்பது என் அனுபவம். அதற்குக் காரணம் இருக்கிறது.

போர்ட்டபிள் ஏசியில் கம்ப்ரஸர், கண்டன்ஸர் எல்லாமே அறைக்குள்தான் நிற்கின்றன. அறையிலிருந்து எடுத்த சூட்டை வெளிவிடும் பாகம் கண்டன்ஸர்; அதன் சூட்டை வெளியேற்றக் காற்று வேண்டும். ஒற்றைக் குழாய் இயந்திரம் அந்தக் காற்றை உங்கள் அறையிலிருந்தே எடுக்கிறது. அதாவது, மின்சாரம் செலவழித்துக் குளிர்வித்த காற்றில் ஒரு பங்கைச் சூடாக்கி ஜன்னல் வழியே வெளியே தள்ளுகிறது. வெளியே போன அளவுக்கு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவடி இடுக்கு, ஜன்னல் விளிம்பு, குளியலறை வென்டிலேட்டர் என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளி வெப்பம் நுழைகிறது. மணிக்கு 300 கன மீட்டர் காற்று வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 சதுர அடி அறையில், பத்தடி உயரக் கூரை என்றால், மொத்தம் உள்ள காற்றே 42 கன மீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதும் ஏழு முறை மாறுகிறது, அதுவும் வெளியிலிருந்து வரும் சூடான காற்றால். ஏசியின் முன் உட்கார்ந்தால் சில்லென்று இருக்கும், கட்டிலின் மறுகோடியில் வியர்க்கும் என்று பலர் சொல்வது இதனால்தான். இயந்திரம் பழுதாகவில்லை, அதன் அமைப்பே அப்படி.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அறையை ஒட்டிய குளியலறையில் கேஸ் கீசரோ, வீட்டுக்குள் எரியும் வேறு அடுப்போ இருந்தால், இந்த உறிஞ்சல் அதன் புகையை உள்ளே இழுக்கக்கூடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. அப்படி ஒரு வீட்டில் ஒற்றைக் குழாய் ஏசியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும்.

இரட்டைக் குழாய் மாடலில் ஒரு குழாய் வெளிக் காற்றை எடுத்துவரும், இன்னொன்று சூட்டோடு திருப்பி அனுப்பும். அறைக் காற்று அறையிலேயே இருக்கும். சில புதிய மாடல்களில் ஒரு குழாய்க்குள் இன்னொன்று இருப்பதால் பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரியும். எனவே படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வெளிக் காற்றை உள்ளே எடுக்கத் தனி வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து அந்த 14,000. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பிடியு எண் பெரும்பாலும் பழைய ஆய்வக முறையில் அளந்தது. உள்ளே நுழையும் சூடான காற்றையும், குழாயே அறைக்குள் உமிழும் சூட்டையும் அது கழிப்பதில்லை. அவற்றைக் கழித்துக் கணக்கிடும் எண்ணுக்கு எஸ்ஏசிசி (SACC) என்று பெயர். அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்த அளவு அது, 2017 முதல் அங்கே விற்கும் பெட்டிகளில் அச்சாகிறது. 14,000 என்று அலறும் பெட்டியின் ஓரத்தில் எஸ்ஏசிசி 10,000 அல்லது அதற்கும் கீழே இருப்பது சாதாரணம். உங்கள் பெட்டியில் அந்த எண் இருந்தால் அதை மட்டும் நம்புங்கள். இல்லையென்றால், ஒற்றைக் குழாய் மாடலுக்கு மூன்றில் ஒரு பங்கையாவது மனதில் கழித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழேயோ மேற்கு வெயில் விழும் பக்கத்திலோ இல்லாத 150 சதுர அடி அறைக்கு எஸ்ஏசிசி கணக்கில் 7,000 முதல் 8,000 வரை இருந்தால் சமாளிக்கலாம். ஆகவே அளவில் உங்கள் தேர்வு தவறில்லை.

பாதி விலை என்பதையும் மின்கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1.3 கிலோவாட் இழுக்கும் ஏசி நாளுக்கு எட்டு மணி நேரம், 90 நாள் ஓடினால் 936 யூனிட். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரும் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது) இரட்டைக் குழாயும் உள்ள ஒன்று அதில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினால் வருடத்துக்கு ஏறத்தாழ 310 யூனிட். உங்கள் கட்டண விகிதத்தால் அதைப் பெருக்கி ஐந்து வருடத்துக்குக் கூட்டினால், தள்ளுபடியில் கிடைத்த லாபம் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். சில வீடுகளில் ஒன்றுமே நிற்பதில்லை.

உற்பத்தித் தேதி இரண்டு வருடம் பழையதாக இருந்தால் பயப்பட வேண்டாம். அடைபட்ட குழாய்களுக்குள் இருக்கும் குளிர்வாயு கெட்டுப்போவதில்லை. எந்த வாயு என்பதை மட்டும் பெயர்த்தகட்டில் பாருங்கள். ஆர்-290 என்றிருந்தால் அது புரொபேன், எரியக்கூடியது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதால் நான் அதை விரும்புகிறேன், ஆனால் குறைந்தபட்ச அறைப் பரப்பு என்று ஓர் எண் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். உங்கள் அறை ஏறத்தாழ 14 சதுர மீட்டர். தகட்டில் 15 என்றிருந்தால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம்.

பெட்டி பிரித்த அந்த ஏசியைப் பற்றி எனக்கு இருமனம். திரும்பி வந்தவற்றில் பல நல்ல இயந்திரங்கள்தான். பெரிய கூடத்தில் வைத்துவிட்டு ‘குளிரவில்லை’ என்று கொடுத்திருப்பார்கள், அல்லது சத்தம் பிடித்திருக்காது. கம்ப்ரஸர் தலைமாட்டில் ஓடும் கருவி இது, 50 டெசிபலுக்கு மேல் சத்தம் இயல்பு. ஆனால் திரும்பி வந்த பெட்டியில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருப்பது வழக்கம். ஜன்னலில் பொருத்தும் பலகை, குழாயின் இரு முனை இணைப்பிகள், வடிகால் மூடி, ரிமோட் ஆகியவற்றைக் கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ஜன்னல் பலகை இல்லாத போர்ட்டபிள் ஏசி வெறும் சூடேற்றி, அந்தப் பலகையைத் தனியாக வாங்குவது பெரும் அலைச்சல். உங்கள் ஜன்னல் பக்கவாட்டில் நகருவதா, கதவுபோல் திறப்பதா என்பதையும் இப்போதே பாருங்கள். பெட்டியில் வருவது நகரும் ஜன்னலுக்கானது. கதவு ஜன்னலுக்குத் துணியால் ஆன தனி உறை வாங்க வேண்டியிருக்கும். வாரண்டி முழுதாக உண்டா, திருப்பிக் கொடுக்கக் கெடு எத்தனை நாள் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘திருப்ப இயலாது’ என்ற முத்திரையோடு வந்தால், கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இனி, நான் முன்பு சொன்ன சோதனை. கெடு முடிவதற்குள் இதைச் செய்தே தீர வேண்டும்.

வண்டியில் வரும்போது ஏசியைப் படுக்க வைத்திருக்கலாம். அப்போது கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் வழிந்திருக்கும். நிமிர்த்தி 24 மணி நேரம் நிற்க விடுங்கள். அதற்கு முன் ஓட்டினால் நல்ல கம்ப்ரஸரும் கெட்டுவிடக்கூடும். மறுநாள் அறையைச் சூடாக்குங்கள். ரூம் ஹீட்டர் இருந்தால் அது, இல்லையென்றால் உச்சி வெயில் விழும் அறையைப் பூட்டி வைத்தால்கூடப் போதும். 27 அல்லது 28 டிகிரி வந்ததும் ஹீட்டரை அணைத்து, குழாயை ஜன்னலில் பொருத்தி, கூல் முறையில் 16 டிகிரி வைத்து ஓட்டுங்கள். குளிர்ந்த அறையில் சோதித்துப் பயனில்லை. வைத்த வெப்பநிலைக்குக் கீழே அறை இருந்தால் கம்ப்ரஸர் ஓடவே ஓடாது, விசிறி மட்டும் சுற்றும். அதைப் பார்த்து நல்ல ஏசி என்று நம்பியவர்களும் உண்டு, கெட்டது என்று திருப்பியவர்களும் உண்டு.

கம்ப்ரஸர் உறுமத் தொடங்க மூன்று நிமிடம்வரை ஆகலாம். இருபது நிமிடம் கழித்து, காற்றை உள்ளே இழுக்கும் இடத்திலும் குளிர்காற்று வெளிவரும் இடத்திலும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் நலம். ஈரப்பதம் மிகுந்த நாளில் சற்றுக் குறையலாம். வெளியேற்றும் குழாயைத் தொட்டால் நன்றாகச் சுட வேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வாயு கசிந்திருக்கலாம். போர்ட்டபிள் ஏசிகளில் பெரும்பாலும் வாயு நிரப்ப வால்வே இருக்காது. வெட்டி, ஒட்டி, நிரப்பி முடிக்க ஆகும் செலவு தள்ளுபடி விலையை நெருங்கிவிடும். அதனால்தான் கடைக்காரர் மாற்றித் தரக் கடமைப்பட்டிருக்கும் நாட்களிலேயே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட விட்டு, அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு நாளும் இதையே செய்யுங்கள். நேரடியாகச் சுவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவ்வளவு சுமையைத் தாங்காமல் உருகக்கூடும்.

குழாயே இல்லாமல், தண்ணீர் ஊற்றும் தொட்டியோடு ‘மினி ஏசி’ என்று இதே தள்ளுபடி அடுக்கில் சில கருவிகள் நிற்கும். அவை ஏர் கூலர்கள். பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

விலை இன்னும் இறங்கும் என்று காத்திருக்கலாமா என்றால், இரட்டைக் குழாய் மாடலாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். முதல் தள்ளுபடியிலேயே அவை போய்விடும். உங்கள் 14,000 ஒற்றைக் குழாய் என்றால் அவசரப்பட ஒன்றுமில்லை, பேரம் பேசுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பாதி விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பெட்டி பிரித்த இரட்டைக் குழாய் ஒன்றைத் தேடுவேன்.

சோதனையில் தேறியதும், வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, நான்கைந்து மணி நேரம் விசிறி முறையில் மட்டும் ஓட்டி உள்பக்கத்தைக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த கோடையில் முதல் காற்றிலேயே பூஞ்சை நாற்றம் வரும். ஃபில்டரைக் கழுவி உலர்த்தி மாட்டுங்கள். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். ஜன்னல் பலகை, இணைப்பிகள், பில் மூன்றையும் ஒரே பையில் போட்டு ஏசியின் முதுகிலேயே ஒட்டி, நிமிர்ந்த நிலையில் துணி போர்த்தி வையுங்கள்.