கமிட்டி போட்டும் செவிலியர்கள் ஏன் பேசுவதில்லை?

வணக்கம். வார்டில் செவிலியர் கமிட்டி அமைத்தும் யாரும் வாய் திறப்பதில்லை, இருவர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டியூட்டி பட்டியலை நீங்களே போட்டு முடித்த பிறகு கமிட்டியில் வைப்பதாகவும் சொல்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். முடிந்துபோன விஷயத்துக்குக் கருத்துக் கேட்டால் யார் பேசுவார்கள்?

பட்டியலையே அவர்களிடம் விட்டுவிடுங்கள். வரம்பை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தது இத்தனை பேர், அதில் அனுபவமுள்ளவர் ஒருவராவது, நைட் முடித்தவருக்கு அன்றே அடுத்த டியூட்டி கிடையாது. மிச்சத்தை அவர்கள் பேசிப் போடட்டும். முதல் மாதம் சண்டை வரும், லீவு நாட்களுக்கு நிச்சயம் வரும். நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்; சொன்னால் பட்டியல் மறுபடி உங்களுடையதாகிவிடும்.

அப்புறம், கூட்டத்தை டியூட்டி நேரத்துக்குள் வையுங்கள். நைட் முடித்துக் கண் எரிய நிற்பவரை "ஒரு அரை மணி நேரம்தான்" என்று உட்காரவைத்தால் அது அவருக்கு இன்னொரு வேலை, அவ்வளவுதான். கமிட்டியின் தலைமைப் பொறுப்பும் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் ஒருவரிடமே இருக்கட்டும். ஒரு யோசனையை ஏற்க முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

அமெரிக்காவில் செவிலியர்களை ஈர்த்துத் தக்கவைத்திருந்த 41 மருத்துவமனைகளைப் பற்றி 1983-ல் ஓர் ஆய்வு வெளியானது. முடிவெடுப்பதில் செவிலியர்களுக்குப் பங்கு இருந்தது அவற்றில் கண்ட பொது அம்சங்களில் ஒன்று. ஆனால் ஆள் பற்றாக்குறையை இது தீர்க்காது. அதற்குக் கணக்கோடு நிர்வாகத்திடம்தான் போகவேண்டும். போகும்போது கமிட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.