பத்து சாமான் சொன்னால் நாலுதான் நிற்கிறது: கேள்வி பதில்

பல வருடம் கல்லூரியில் உளவியல் ஆய்வுக்கூட வகுப்பு எடுத்தவள் நான். சொற்களை வாசித்துக்காட்டி உடனே திருப்பிச் சொல்லச் சொல்வதுதான் அங்கே முதல் பயிற்சி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: மேடம், வீட்டில் பத்து சாமான் சொல்லி அனுப்புகிறார்கள். கடை வாசலில் நின்றால் நாலுதான் ஞாபகம் வருகிறது. மூளைக்கு ஏழு கணக்கு என்று படித்தேன். எனக்கு அதுவும் இல்லையே?

பதில்: நாலு என்றால் குறை ஒன்றும் இல்லை. ஏழு என்பது அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையால் பரவிய எண். ‘மாய எண் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்’ என்று தலைப்பு வைத்தார். பலர் தலைப்போடு நின்றுவிட்டார்கள். கட்டுரை முடிவில் அவரே, இத்தனை இடத்தில் ஏழு வருவது தற்செயல்தானோ என்று சந்தேகப்படுகிறார்.

அவர் அழுத்திச் சொன்னது வேறு. சொற்களை எண்ணாதீர்கள், கொத்துகளை எண்ணுங்கள் என்றார். ‘உப்பு, புளி, மிளகாய்’ நம் காதுக்கு ஒரே கொத்து. ‘ஊசி, வெல்லம், பேட்டரி’ மூன்று கொத்து. இரண்டிலும் சொல் மூன்றுதான், சுமை ஒரே அளவில்லை.

கொத்தாகக் கட்டவும் விடாமல், மனதுக்குள் சொல்லிப் பார்க்கவும் விடாமல் அளந்தால் எவ்வளவு தேறும்? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த நெல்சன் கோவன் 2001இல் சொன்ன விடை: சுமார் நான்கு. ஆக, உங்கள் வீட்டுப் பட்டியலை ரசத்துக்கு, இட்லிக்கு, குளியலறைக்கு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பத்தும் மூன்று கொத்துக்குள் அடங்கிவிடும். சீட்டு எழுதிக்கொண்டு போனாலும் கௌரவம் ஒன்றும் குறையாது.

கேள்வி: போன் நம்பரை இங்கிலீஷில் சொன்னால் நிற்கிறது, தமிழில் சொன்னால் நழுவுகிறது. தமிழ் மறந்துகொண்டு வருகிறதா அக்கா?

பதில்: இல்லை தம்பி. சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் விஷயம். பிரிட்டனில் ஆலன் பேட்லியும் அவருடைய சகாக்களும் 1975இல் குட்டிச் சொற்களின் பட்டியலையும் நீளச் சொற்களின் பட்டியலையும் ஒப்பிட்டார்கள். நாட்டுப் பெயர்களையும் வைத்துப் பார்த்தார்கள்: ஒரு பக்கம் ‘சாட்’ மாதிரி, மறுபக்கம் ‘செக்கோஸ்லோவாக்கியா’ மாதிரி. நீளப் பெயர்கள் குறைவாகவே நின்றன. ஒருவர் ஏறக்குறைய 2 விநாடியில் எத்தனை சொல் சொல்லி முடிப்பாரோ, அத்தனைதான் அவருக்கு நினைவில் நிற்கிறது என்று கண்டார்கள். கேட்டதை உள்ளுக்குள் ஒரு குரல் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சுற்று நீண்டால், குரல் திரும்பி வருவதற்குள் முதல் சொல் மங்கிவிடுகிறது.

உங்கள் கேள்விக்கு நேர் உதாரணம் வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களுக்கு வெல்ஷ் மொழியில் எண்களைச் சொன்னால் குறைவாகத்தான் நினைவில் நின்றது. தாய்மொழி பலவீனமா என்று பார்த்தால், வெல்ஷ் எண்களை உச்சரிக்க நேரம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர் இதை 1980இல் காட்டினார்கள். அந்த உள்குரல் ஓட முடியாதபடி, வேறு ஏதாவது சொல்லை முணுமுணுத்துக்கொண்டே கேட்கச் சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்துபோனது.

இப்போது ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ சொல்லிவிட்டு ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ சொல்லிப் பாருங்கள். நாக்குக்கே தெரியும். பேச்சில் நாம் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சுருக்கிக்கொள்வது கொஞ்சம் உதவும். பள்ளியிலிருந்தே நம்பரை இங்கிலீஷில் கேட்ட பழக்கமும் இதில் சேரும்.

கேள்வி: அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை என்று வாங்கி வரச் சொன்னால் குழம்பிவிடுகிறேன். ‘கத்தரிக்காய், பால், முட்டை, தயிர்’ என்றால் சரியாக வருகிறது. ஏன்?

பதில்: ஒரே மாதிரி ஒலிப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1964இல் கான்ராட் என்பவர் ஆங்கில எழுத்துகளைக் கண்ணுக்குத்தான் காட்டினார். தப்பு வந்ததோ காது வழியில்: ‘வி’யைப் பார்த்தவர் ‘பி’ என்று எழுதினார். ஆக, படித்ததையும் உள்ளே ஒலியாக மாற்றித்தான் வைக்கிறோம். பொருள் ஒத்துப்போனால் இவ்வளவு குழப்பம் வராது என்று பேட்லி 1966இல் காட்டினார். ‘கல், கால், காய், காது, காடு’ என்பதை வரிசை மாறாமல் சொல்லிப் பாருங்கள். பிறகு ‘பெரிய, நீண்ட, உயர்ந்த, அகன்ற, பருத்த’. இரண்டாவது நீளமாக இருந்தும் பரவாயில்லை என்று தோன்றும்.

கீரைக்கு ஒரு வழி உண்டு. வாலை வெட்டிவிட்டு ‘அரை, சிறு, முளை, தண்டு’ என்று மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: பட்டியலில் முதலும் கடைசியும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் போகிறது.

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் முதலும் கடைசியும் நிற்பதற்குக் காரணம் ஒன்றல்ல. 1966இல் கிளான்சர், குனிட்ஸ் இருவரும் பட்டியல் முடிந்ததும் 30 விநாடி எண்ண வைத்தார்கள். கடைசிச் சொற்களின் சலுகை போய்விட்டது, முதல் சொற்களுடையது போகவில்லை. முதலில் வந்தவற்றை நாம் திரும்பத் திரும்பச் சொல்லி ஆழத்தில் பதித்துவிடுகிறோம். கடைசியில் வந்தவை நாக்கு நுனியில் நிற்பவை. வழியில் யாராவது ‘என்ன சார், சௌக்கியமா?’ என்று கேட்டால் உதிர்ந்துவிடும்.

கேள்வி: குறளுக்கு ஏழு சீர். மில்லருக்கும் ஏழு. நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறதே?

பதில்: நேரிசை வெண்பாவுக்குப் பதினைந்து சீர். அதையும்தான் மனப்பாடம் செய்தோம்.

கேள்வி: அப்படியானால் சதாவதானிகள் எப்படி மேடம்? நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் பிடித்தார்களே?

பதில்: நல்ல கேள்வி. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மன்றத்தில் சதாவதானம் செய்தவர். முதுகில் விழும் பொருளை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், நடுவில் கேட்ட ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும். அவரை யாரும் ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து அளக்கவில்லை. அளக்கப்பட்ட ஒருவரைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர், ஓட்டக்காரர். ஆய்வுகளில் ‘எஸ்.எஃப்.’ என்றே குறிப்பிடுவார்கள். தொடக்கத்தில் ஏழு இலக்கம்தான் அவருக்கு நின்றது. 200 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்து 79 இலக்கத்துக்குப் போனார். எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் 1980இல் இதை வெளியிட்டார்கள். அவருடைய சூட்சுமம் ஓட்டம்தான். 3492 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தின் உலகச் சாதனைக்குப் பக்கத்து நேரம் என்று மாட்டிவைப்பார். நான்கு இலக்கம் ஒரு கொத்தாகி, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் தொங்கிவிடும். பாவலருக்கு யாப்பும் எதுகையும் மோனையும் அப்படிப்பட்ட ஆணிகளாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: நினைவாற்றல் ஆப் வாங்கினால் கொள்ளளவு கூடுமா?

பதில்: அந்த ஆப்பில் உள்ள விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். இதே எஸ்.எஃப்.பிடம் இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தார்கள். மறுபடி ஆறில் வந்து நின்றார்.

கேள்வி: என் பையனுக்கு ஐந்து வயது. ‘பையை வை, கை கழுவு, யூனிஃபார்மை மாற்று, டிபன் பாக்ஸை எடுத்து வா’ என்றால் கை கழுவிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: அந்த வயதில் இலக்கங்களே நான்கு போலத்தான் நிற்கும். நீங்கள் கொடுப்பது நான்கு முழு வாக்கியம், அதுவும் அவன் பள்ளியிலிருந்து களைத்து வந்த நேரத்தில். இரண்டு சொல்லுங்கள், முடித்துவிட்டு வந்ததும் அடுத்த இரண்டு. டிபன் பாக்ஸை நீங்களே பையிலிருந்து எடுத்துவிடலாம்.